அத்தான் பெயரில் இருந்த கோப்புகள்

பிப்ரவரி 9

அக்காவுக்கு,

காகிதத்தில் எழுதுகிறேன் என்று சிரிக்காதே. உன் போன் அத்தான் பெயரில் வாங்கியது. உன் மெயிலுக்குப் பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்தவரும் அவர்தான். இன்றுவரை நீ அதை மாற்றியிருக்க மாட்டாய், எனக்குத் தெரியும். அதனால்தான் தபால். வீட்டுக்குப் போடாமல் நீ வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போடுகிறேன். படித்ததும் கிழித்துப் போடு.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வெப்சைட்டின் சர்வர்களை எல்லாம் வேறொரு லினக்ஸுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம். வீடு வாடகைக்கு விடுகிறவர்களும் தேடுகிறவர்களும் நாள் முழுக்க மொய்க்கிற தளம் அது, ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது. உனக்குப் புரிகிற மாதிரி சொன்னால், லினக்ஸ் என்பது மெஷினை ஓட வைக்கிற அடிப்படைப் புரோகிராம், அதற்கு எலும்புக்கூடு ஒன்றுதான். அதன்மேல் சதையும் தோலும் வைத்து ஆளுக்கொரு விதமாகக் கட்டித் தருகிறார்கள். அப்படிக் கட்டியதை டிஸ்ட்ரோ என்போம். நாங்கள் வைத்திருந்த டிஸ்ட்ரோவைச் செய்தவர்கள் இனி அதைக் கவனிக்க மாட்டோம் என்று கைவிரித்துவிட்டார்கள். ஓட்டை விழுந்தால் அடைக்க ஆள் கிடையாது. அதனால் மாற்றம். திட்டம் போட்டது இங்கே தலைமை அலுவலகத்தில் நான். உங்கள் ஊர் சர்வர் கூடத்தில் ஒவ்வொரு மெஷினாக அழித்துப் புதியதை ஏற்றுகிற வேலை அத்தானுடையது.

இந்த மாற்றம் வேண்டவே வேண்டாம் என்று மீட்டிங்கில் எதிர்த்த ஒரே ஆள் அவர். "நல்லா ஓடிட்டிருக்கிறதை எதுக்கு மச்சான் நோண்டணும்? இன்னொரு வருஷம் தள்ளிப் போடலாமே" என்றார். வயதானவர்கள் எதையுமே மாற்ற விட மாட்டார்கள் என்று அன்றைக்கு விட்டுவிட்டேன். (அவருக்கு வயது ஒன்றும் ஆகிவிடவில்லை. பேச்சு அப்படி.)

இப்போது வேறு விதமாகத் தோன்றுகிறது. மாற்றி முடித்த சர்வர் ஒன்றில் இருக்கவே கூடாத கோப்புகளைப் பார்த்தேன். ஒவ்வொரு கோப்புக்கும் யார் சொந்தக்காரர் என்று மெஷின் காட்டும். அந்த இடத்தில் அத்தான் பெயர் இருக்கிறது.

யாரிடமும் சொல்லவில்லை. நீயும் அவரிடம் சொல்லாதே. ஒன்று மட்டும் எழுது: கொஞ்ச நாளாக அவர் எப்படி இருக்கிறார்?

தம்பி


பிப்ரவரி 14

டேய்,

உன் கடிதம் வந்தப்ப முதலாளி பக்கத்துல நின்னுட்டிருந்தார். "உங்களுக்குக் கடிதமா? இந்தக் காலத்துலயா?"ன்னு கேட்டார். கூட வேலை பாக்கறவ கண்ணடிக்கறா. எனக்குக் காதல் கடிதம் வருதுன்னு கடை முழுக்கப் பேச்சு. ரொம்ப நன்றி.

அத்தான் எப்படி இருக்கார்னு கேக்கறியா? நல்லா இருக்கார். சாப்பிடறார், தூங்கறார், குறட்டை விடறார். போதுமா?

உனக்கு அவரை முதல்லேர்ந்தே பிடிக்காது. கல்யாணத்துக்கு முன்னாடி வீட்டுக்கு வந்தப்ப உன் கம்ப்யூட்டரைத் தொட்டு ஏதோ சரி பண்ணிக் கொடுத்தார் பாரு, அன்னைலேர்ந்து. நீ மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டதை நான் மறக்கலை. அதே மனுஷன்தான் உன் பயோடேட்டாவைத் தூக்கிட்டு உங்க மேலாளர்கிட்டப் போய், "என் மச்சான், வாய் கொஞ்சம் ஜாஸ்தி, ஆனா வேலைக்காரன்"னு சொல்லி உன்னைச் சேத்துவிட்டார். அந்த வேலையில உக்காந்துக்கிட்டு அவரையே உளவு பாக்கறே.

மெஷின்ல அவர் பேர் இருந்தா என்ன? அவர் வேலை பாக்கற மெஷின்ல அவர் பேர் இல்லாம என் பேரா இருக்கும்?

இதுக்கு மேல எழுதறதுக்கு ஒண்ணுமில்லைன்னுதான் முடிக்கப் பாத்தேன். ஆனா நீ கேட்டதுக்கப்புறம் நான் கவனிக்க ஆரம்பிச்சுட்டேன். உன்னைச் சொல்லணும். போன் வந்தா எழுந்து மாடிப்படிக்குப் போறார். முன்னெல்லாம் என் பக்கத்துல உக்காந்துதான் ஊர்க்கதை எல்லாம் பேசுவார். "யாரு?"ன்னு கேட்டா "ஆபீஸ்"ங்கறார். ஆபீஸ்னா ஆபீஸ்தான். எனக்கு ஒண்ணும் தோணலை.

உன் கிட்ட எதுக்குச் சொல்றேன்னும் தெரியலை.

அக்கா


பிப்ரவரி 19

அக்காவுக்கு,

எனக்கு அவரைப் பிடிக்காது என்பது வேறு விஷயம். இது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பாதே.

முழுதாகச் சொல்கிறேன். எங்கள் தளத்தில் வீட்டுக்காரர் விளம்பரம் போட்டால் அவருடைய போன் நம்பரை நாங்கள் யாருக்கும் காட்ட மாட்டோம். எங்கள் மூலமாகத்தான் பேச வேண்டும். அதை நம்பித்தான் ஜனங்கள் வருகிறார்கள். சில மாதங்களாக ஒரே புகார்: விளம்பரம் போட்ட மறுநாளே புரோக்கர்கள் நேராக அவர்கள் போனுக்கு அடிக்கிறார்கள். நம்பர் எப்படி வெளியே போகிறது என்று மேலாளர் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

நான் பார்த்த கோப்புகள் அதுதான். அன்றன்றைக்கு வந்த வீட்டுக்காரர்களின் நம்பர்கள். ஒரு நாளைக்கு ஒரு பொட்டலம், சுருட்டி, பெயர் தெரியாத ஒரு மூலையில் ஒளித்து வைத்திருக்கிறது. யாருடைய வேலையிலும் இதற்கு இடமில்லை. சர்வரை மாற்றிய நாளோடு பொட்டலம் நின்றுவிட்டது. பழைய மெஷினை அழிக்கப் போகிறோம் என்று தெரிந்ததும் பயந்து நிறுத்திவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். மாற்றமே வேண்டாம் என்று ஏன் சண்டை போட்டார் என்பதும் இப்போது புரிகிறது.

அவர் வேலை பார்க்கும் மெஷினில் அவர் பெயர் இருக்கும் என்கிறாய். கூடத்தில் டிஸ்க் மாற்றுகிறவருக்கு வீட்டுக்காரர் நம்பரோடு என்ன வேலை? யாரோ வந்து அவர் பெயரை எழுதி வைத்துவிட்டுப் போக முடியாது. மெஷினுக்கு மச்சான் மாமன் கிடையாது, இருப்பதைக் காட்டும்.

தனியாக மென்று முழுங்க முடியாமல் நண்டுவிடம் சொன்னேன். பக்கத்து மேஜைக்காரன், பக்கவாட்டிலேயே நடப்பான், அதனால் அந்தப் பெயர். மதியம் இரண்டு பேரும் சேர்ந்துதான் சாப்பிடுவோம். கேட்டதும் அப்படியே சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். அப்புறம், "உன் அத்தான்ங்கறதுக்காக மூடி வெச்சே, நாளைக்கு உன்னையும் சேத்துத்தான் பிடிப்பாங்க. சொல்லிடுடா" என்றான். சரியாகத்தான் சொல்கிறான்.

ஆனால் வெறும் கையோடு போக எனக்கு இஷ்டமில்லை. அவர் பையை ஒரு தடவை பார். பென் டிரைவ், இன்னொரு போன், ஏதாவது. ஒன்றும் இல்லை என்றால் உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. மாடிப்படியில் என்ன பேசுகிறார் என்பதையும் கேள்.

தம்பி


பிப்ரவரி 25

தம்பிக்கு,

பாத்துட்டேன். அவர் குளிக்கப் போயிருந்தப்ப. தண்ணி விழற சத்தம் நின்னுடுமோன்னு ஒரு காது அங்கேயே இருந்தது. என் வீட்ல, என் புருஷன் பையில, திருடி மாதிரி.

நீ கேட்ட பென் டிரைவ் இல்லை. இன்னொரு போன் இருந்தது. சின்னது, பட்டன் போன். நான் பாத்ததே இல்லை.

அப்புறம் ஒரு சாவிக்கொத்து. எங்க வீட்டுச் சாவி இல்லை. சர்வர் கூடத்துக்குச் சாவியே கிடையாது, அட்டை தேய்ச்சுத்தான் உள்ள போவார். இது வீட்டுச் சாவி. வாசக்கதவுக்கு ஒண்ணு, உள்ளே ரெண்டு. ஏதோ ஒரு வீடு.

மறுபடி பைக்குள்ள வெச்சுட்டேன். முன்னாடி எப்படி இருந்ததோ அப்படித்தான் வெச்சேன்னு நினைக்கிறேன்.

நேத்து மாடிப்படிக்குப் போனப்ப கதவைச் சாத்தாம விட்டுட்டேன். உன் பேச்சைக் கேட்டு ஒட்டுக் கேக்கறவளா ஆயிட்டேன் பாரு. "நம்பர் எனக்கே அனுப்பிடுங்க, நான் பேசிக்கறேன்"ன்னார். கொஞ்சம் பேசிட்டு, "இல்ல இல்ல, அவளுக்கு இன்னும் தெரியாது. தெரியும்போது தெரியட்டும்"ன்னு சிரிச்சார்.

நம்பர்னு சொன்னது உனக்கு. அவளுக்குத் தெரியாதுன்னு சொன்னது எனக்கு. உன் வெப்சைட்டு நாசமாப் போகட்டும். அந்தச் சாவி எந்த வீட்டோடதுன்னு எனக்குத் தெரியணும். கடையில நாள் பூரா "இந்தக் கண்ணாடியில தெளிவாத் தெரியுதா, அந்தக் கண்ணாடியில தெளிவாத் தெரியுதா"ன்னு வர்றவங்களைக் கேட்டுட்டிருக்கேன். வீட்டுக்குப் போனா அவர் முகமே மங்கலாத் தெரியுது.

அவர்கிட்ட நேராக் கேட்டுடலாமா? நீ சொல்றவரைக்கும் கேக்கலை.

அக்கா


மார்ச் 1

அக்காவுக்கு,

கேட்காதே. கேட்டால் உஷாராகிவிடுவார்.

கம்பெனி யாருக்கும் பட்டன் போன் கொடுக்கவில்லை. விசாரித்துவிட்டேன். அதுவே போதும்.

இன்று காலை மேலாளரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கோப்புகளைத் திறந்து காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "உங்க அக்கா வீட்டுக்காரர்தானே? நல்லா யோசிச்சுச் சொல்றீங்களா?" என்று கேட்டார். யோசித்தேன் என்றேன். போனையும் சொன்னேன். உன்னிடமிருந்து தெரிந்தது என்று சொல்லவில்லை. சாவியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை, அது உன் விஷயம்.

சொன்னது யார் என்று வெளியே போகாது. மேலாளர் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

எனக்கு இதில் சந்தோஷம் என்று நினைக்காதே.

தம்பி


மார்ச் 8

தம்பிக்கு,

திங்கக்கிழமை மத்தியானமே வீட்டுக்கு வந்துட்டார். கையில ஒரு அட்டைப்பெட்டி. அவர் டீ குடிக்கற கப், ஒரு ஸ்வெட்டர், ரெண்டு ஸ்க்ரூ டிரைவர். கூடத்து வாசல்ல அட்டையை வாங்கிக்கிட்டாங்களாம். "விசாரணை முடியற வரைக்கும் வர வேண்டாம்"னாங்களாம். என்ன விசாரணைன்னு கேட்டா, "உங்களுக்கே தெரியும்"னாங்களாம். பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருந்தார்.

அப்புறம் என்ன சொன்னார் தெரியுமா? "பரவாயில்லை, தலைமை ஆபீஸ்ல மச்சான் இருக்கான். அவன் பாத்துக்குவான்"னார். நான் அடுப்படிக்குள்ள போயிட்டேன். அவர் முகத்தைப் பாக்க முடியலை.

அந்த நேரத்துல நான் கேட்டிருக்கக் கூடாது. ஆனா இத்தனை நாள் உள்ளேயே வெச்சிருந்தது வெளியில வந்துடுச்சு. "அந்தச் சாவி யார் வீட்டுது?"ன்னேன்.

"என் பையைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"ஏன்?"

"சும்மா."

"யாராவது பாக்கச் சொன்னாங்களா?"

"இல்லை. நானேதான்."

உன் பேரைச் சொல்லலை. எதுக்குச் சொல்லலைன்னு என்னைக் கேக்காதே.

சாவியோட கதை இதுதான், கேட்டுக்கோ. எங்க வீட்டு ஓனரோட பையன் வெளியூர்லேர்ந்து திரும்பி வர்றானாம், வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டார். ரெண்டு மாசம் முன்னாடியே. நான் அப்பத்தான் பால்கனி பூரா தொட்டி வாங்கி வெச்சு, கம்பியில கொடி ஏத்தி, சந்தோஷத்துல ஆடிட்டிருந்தேன். வேற வீடு கையில கிடைச்சப்புறம் ஒரேயடியாச் சொல்லிக்கலாம்னு இவர் தனியாத் தேடியிருக்கார். மாடிப்படியில பேசினதெல்லாம் வீட்டுக்காரங்ககிட்ட. கடைசியா ஒரு வீடு பிடிச்சுப்போய், "சாவியை வெச்சுக்கோங்க, மனைவியைக் கூட்டிட்டு வந்து காட்டுங்க"ன்னு அந்த வீட்டம்மா கொடுத்திருக்காங்க. பெரிய பால்கனியாம். அதனாலதான் அந்த வீடாம்.

பட்டன் போன், கூடத்து மேற்பார்வையாளர் தன் கைக்காசுல வாங்கிக் கொடுத்தது. நீங்க மெஷினை மாத்தற வேலை நடக்கும்போது எந்நேரமும் கூப்பிடறதுக்கு. உன் மாற்றத்துக்காகத்தான்டா அந்த போன்.

முந்தாநாள் அந்த வீட்டம்மா சாவியைத் திருப்பி வாங்கிட்டாங்க. வேலையில இல்லாதவருக்கு வீடு தர மாட்டாங்களாம். அடுத்த மாசக் கடைசிக்குள்ள இங்கேர்ந்து காலி பண்ணணும். எங்க போறதுன்னு தெரியலை.

இப்ப சொல்லு. உன் மெஷின் என்ன சொல்லுது?

அக்கா


மார்ச் 12

அக்காவுக்கு,

வீட்டு விஷயம் கேட்டுக் கஷ்டமாக இருக்கிறது. சாவிக்கும் போனுக்கும் பதில் கிடைத்துவிட்டது, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் கோப்புகளுக்குக் கிடைக்கவில்லை. சொல்லப் போனால், வீடு தேடுகிறவருக்கு வீட்டுக்காரர்களின் நம்பர் கையில் இருந்தால் எவ்வளவு வசதி என்று மேலாளரே கேட்டார். நீ கோபப்படுவாய். படு. பொட்டலங்கள் அங்கேதான் இருக்கின்றன, அத்தான் பெயரில்.

நாளை அவர் உள்ளே நுழையப் பயன்படுத்தும் கணக்கை எல்லா சர்வரிலிருந்தும் நீக்கச் சொல்லியிருக்கிறார்கள். என்னைத்தான் நீக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

தம்பி


மார்ச் 14

அக்கா,

இதைப் பொறுமையாகப் படி. பாதியில் நிறுத்திவிடாதே.

நேற்று அவர் கணக்கை நீக்கினேன். நீக்கியது சரியாக நடந்திருக்கிறதா என்று பார்க்க அந்தக் கோப்புகளைப் போய்ப் பார்த்தேன். அத்தான் பெயர் போய்விட்டது. பெயர் இருந்த இடத்தில் ஒரு எண் நின்றது. 1004. அவ்வளவுதான். எல்லாப் பொட்டலத்திலும் 1004, 1004, 1004.

அப்போதுதான் உறைத்தது. மெஷினுக்குப் பெயரே தெரியாது அக்கா. கோப்பில் அது எழுதி வைத்திருப்பது எண் மட்டும்தான். நாம் பார்க்கும்போது, இந்த எண் யாருடையது என்று தன்னிடம் இருக்கும் கணக்குகளில் தேடிப் பெயரைக் காட்டும். கணக்கு இல்லை என்றால் எண்ணோடு நின்றுவிடும். முதல் வருடம் படிக்கிறவனுக்குத் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். தெரிந்தே யோசிக்கவில்லை.

பழைய சர்வர்களில் எங்களுக்கு வரிசையாக எண் கொடுத்திருந்தார்கள். நான் ஒன்று, அதாவது 1001. மேலாளர் இரண்டு. மூன்றாவதாக ஒருத்தி இருந்தாள், போன வருடம் வேலையை விட்டுப் போய்விட்டாள். நான்காவது நண்டு. ஐந்தாவது அத்தான்.

புது டிஸ்ட்ரோ ஏற்றியபோது கணக்குகளைப் புதிதாக உண்டாக்கினேன். போனவளுக்கு எதற்குக் கணக்கு என்று அவளை விட்டுவிட்டேன். சுத்தமாக இருக்கட்டும் என்று. அவள் இடம் காலியானதும் அவளுக்குப் பின்னால் இருந்தவர்கள் எல்லாரும் ஒரு படி முன்னால் நகர்ந்துவிட்டார்கள். நண்டு மூன்று ஆனான். அத்தான் நான்கு ஆனார். ஆனால் கோப்புகளைப் பழைய மெஷினிலிருந்து கொண்டுவந்தபோது எண்ணை மாற்றாமல் அப்படியே கொண்டுவந்தேன். பழைய நாலாம் ஆளின் கோப்பு புது நாலாம் ஆளின் பெயரில் வந்து உட்கார்ந்துவிட்டது.

என் எண் முதல் எண். அது நகரவில்லை. என் கோப்புகள் எல்லாம் என் பெயரிலேயே இருந்தன. அதனால் மற்றவர்களுடையதும் சரியாகத்தான் இருக்கும் என்று இருந்துவிட்டேன்.

இந்த முறை அவசரப்படவில்லை. இன்னும் அழிக்காத பழைய சர்வர் ஒன்றில் பார்த்தேன். வேறொன்றில் பார்த்தேன். மேலாளரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். எல்லாவற்றிலும் 1004 நண்டு.

புது மெஷினில் கோப்பு அத்தான் பெயருக்குப் போய்விட்டதால் அவனுக்கே திறந்திருக்காது, பொட்டலம் அன்றோடு நின்றதும் அதனால்தான். வேறு யாராக இருந்தாலும் என் மேஜைக்கு வந்து, "என்னடா பண்ணி வெச்சிருக்கே, என் ஃபைலே எனக்குத் திறக்கலை" என்று கத்தியிருப்பார்கள். அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே மாட்டியிருப்பான். சாப்பிடுவதை நிறுத்தினானே, எனக்காகப் பரிதாபப்பட்டு நிறுத்தினான் என்று நினைத்தேன். கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

அவனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். முதலில் சிரித்தான். அப்புறம் புரோக்கர்களுக்கு நம்பர் விற்றதை ஒத்துக்கொண்டான். போகும்போது என்னைப் பார்த்து, "நானாடா உன் அத்தான் பேரைப் போட்டேன்? நீதானே போட்டே" என்றான்.

அத்தானை மேலாளரே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்பார். திங்கள் முதல் வேலைக்கு வரச் சொல்வார்கள். சாவி கொடுத்த வீட்டம்மாவிடம் காட்ட வேலைச் சான்று கொடுக்கச் சொல்லியிருக்கிறேன், அந்த அம்மா மனம் மாறலாம்.

ஒன்று கேட்கிறேன். புகார் சொன்னது நான் என்று அவருக்குத் தெரிய வேண்டாம் அக்கா. மெஷினில் தவறு நடந்தது, திருத்திவிட்டார்கள் என்று இருக்கட்டும். தெரிந்தால் இனிமேல் அந்த வீட்டுக்குள் நான் எப்படி வருவது?

தம்பி


மார்ச் 23

தம்பிக்கு,

வேலைக்குப் போறார். அந்த வீடு கிடைக்கலை, வேற யாரோ வந்துட்டாங்க. பஸ் நிறுத்தத்துக்குப் பின்னாடி ஒண்ணு பாத்திருக்கோம். பால்கனி கிடையாது. தொட்டியெல்லாம் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துட்டேன்.

சண்டை ஒண்ணும் இல்லைடா. அதான் பயமா இருக்கு. சாயங்காலம் வந்ததும் பையைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜை மேல வைக்கறார். ஜிப்பை முழுசாத் திறந்து வைக்கறார். ரெண்டு போனையும் பக்கத்துல வைக்கறார். அப்புறம்தான் செருப்பைக் கழட்டப் போறார். கிண்டலாவும் இல்லை, கோபமாவும் இல்லை. உன் கம்பெனி வாசல்ல சோதனைக்குக் கொடுப்பாங்களே, அது மாதிரி. முதல் நாள், "என்னங்க இது?"ன்னேன். "உனக்கு வசதியா இருக்கட்டும்னு"ன்னார். போன் வந்தா இப்ப மாடிப்படிக்குப் போறதில்லை. என் பக்கத்துலயே உக்காந்து ஸ்பீக்கர்ல போட்டுப் பேசறார். மளிகைக்கடைக்காரரோட பேச்சைக்கூட நான் கேக்க வேண்டியிருக்கு.

நீ சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டே. நான் ஒரு வாரம் வாயை மூடிட்டிருந்தேன். முந்தாநாள் ரெண்டு பேரும் புத்தகத்தையெல்லாம் பெட்டியில அடுக்கிட்டிருந்தோம். எல்லாத்தையும் சொல்லிட்டேன். நீ எழுதினது, நான் பாத்தது, நீ போய்ச் சொன்னது, அந்த ஆயிரத்து நாலு, போனவளை விட்டுட்டு நீ எண்ணினது. ஒண்ணும் விடலை.

டேப்பைக் கடிச்சுக் கிழிச்சிட்டிருந்தவர் நிறுத்தினார். நான் பயந்தே போனேன். சிரிச்சார்டா. எத்தனையோ நாளைக்கப்புறம் சிரிச்சார். "அடப்பாவி, எண்ணத் தெரியாம எண்ணி என்னைக் கொண்டுபோய் நாலாவதா நிறுத்தினானா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா ரெண்டு நிமிஷத்துல சொல்லியிருப்பேனே"ன்னார்.

"அவன்மேல கோபமில்லையா?"ன்னேன்.

"எதுக்கு? மெஷின்ல என் பேர் தெரிஞ்சா அவன் சந்தேகப்படத்தான் வேணும். அதுக்குத்தானே அவனுக்குச் சம்பளம் கொடுக்கறாங்க. அவன் எடத்துல நான் இருந்தாலும் மேல போய்ச் சொல்லியிருப்பேன். உன் தம்பியை வீட்டுக்கு வரச் சொல்லு, பெட்டி தூக்க ஆள் வேணும்."

எனக்கு அப்படியே தலைலேர்ந்து பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. அவ்வளவுதான், முடிஞ்சுதுன்னு நினைச்சேன். நானும் சிரிச்சேன்.

அவர் மறுபடி டேப்பை எடுத்தார். பெட்டியோட வாயை மூடி ஒட்டினார். என்னைப் பாக்காமலேயே கேட்டார்: "அவனுக்கு மெஷின் காட்டிச்சு, நம்பினான். நீ தினமும் என்னைத்தானே பாத்துட்டிருந்தே. உனக்கு என்ன காட்டிச்சு?"

கோபமா கேட்டிருந்தா நானும் ஏதாவது கத்தியிருப்பேன். நிஜமாவே தெரிஞ்சுக்கற மாதிரி கேட்டார். நான் புத்தகத்தை அடுக்கிட்டே இருந்தேன். அவர் அடுத்த பெட்டியை எடுத்துட்டார்.

நேத்தும் பை மேஜை மேலதான் இருந்தது, திறந்தபடி.

ஆக, உன்னை மன்னிச்சாச்சு. நீ தாராளமா வரலாம், வாசல் திறந்துதான் இருக்கு. அவர் கேட்டதுக்குத்தான் எனக்கு இன்னும் பதில் வரலை. துணி தோச்சுக் காயப்போடும்போதும் தேடறேன், கடையில அடுத்தவங்க கண்ணைப் பாக்கும்போதும் தேடறேன். உனக்கு ஏதாவது தோணினா எழுது. "ஸாரி அக்கா"ன்னு மட்டும் எழுதிடாதே, அதை நானே அவர்கிட்ட தினமும் சொல்லிட்டிருக்கேன். "பரவாயில்லை"ன்னு சொல்லிட்டுப் பையைத் திறந்து வைக்கறார்.

அக்கா